பெட்டி கேட்டது, நான் டீ குடித்தேன்

கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது பக்கத்தில் நிற்கக் கூடாது என்று நான் மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். பிரசவ அறை மாதிரி. நமக்கு வெளியே உலாத்துவதுதான் வேலை.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. நான் முதலில் கற்றது ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழி. மெட்ராஸில் அட்டைகளில் துளை போட்டு, புரோகிராமுக்குப் பின்னாலேயே கணக்குக்கு வேண்டிய எண்களையும் அட்டையாக அடுக்கி, ரப்பர் பேண்டு மாட்டி, ஒரு ஜன்னலுக்குள் நீட்டிவிட்டு வந்துவிட வேண்டும். மறுநாள் தாள் வரும். பெரும்பாலும் அதில் விடை இருக்காது, ‘பிழை’ என்ற திட்டுதான் இருக்கும். அந்த இயந்திரத்தின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் மரக்காணம் உப்பளத்தில் ஓர் ஆய்வுக் கொட்டகைக்கு வேலைக்கு வந்தேன். மேஜைமேல் வைக்கிற கம்ப்யூட்டர் ஒன்றும் ஜீப்பில் வந்து இறங்கியது. அதற்குத் தெரிந்தது ‘பேசிக்’ என்ற வேறொரு மொழி. புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே கற்று, நானே புரோகிராம் எழுதினேன். உப்புநீரின் அடர்த்தியையும் சூட்டையும் கொடுத்தால், பாத்திக்குப் பாய்ச்சுமளவு நீர் முற்றிவிட்டதா என்று அது சொல்ல வேண்டும்.

சோதனை நாளன்று ஜீப் மறுபடி வந்து நின்றது. கொட்டகை அதிகாரி சுற்றி வளைக்கவில்லை. “சாயங்காலத்துக்குள்ள பொட்டி சரியா சொல்லணும். இல்லன்னா அது ஜீப்புல திரும்பிப் போயிடும். நீயும் கூடவே ஏறிக்கலாம்.”

வெளியே மடை வாயில், விடை வந்ததும் வரப்பை வெட்டி நீரைப் பாய்ச்ச, மேஸ்திரி மண்வெட்டியோடு தயாராக நின்றார்.

அடர்த்தியையும் சூட்டையும் அளந்து, பால்பாயிண்ட் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தேன். புரோகிராமை ஓடவிட்டேன். ஒற்றை வரித் திரையில் சிவப்பாக ஒரு கேள்விக்குறி எரிந்தது. வேறொன்றும் இல்லை.

யோசிக்கிறது போலிருக்கிறது என்று மரியாதையாகக் கதவைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் அதே கேள்விக்குறி. பாவம், புழுக்கமாக இருக்குமோ என்று மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். மறுபடி வெளியே போய், மறுபடி எட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

ஜீப் டிரைவர் வாசலில் சாய்ந்துகொண்டார். “ஏம்பா, இன்னுமா யோசிக்குது? பொண்ணு குடுக்க எங்க மாமனாரே இவ்ளோ யோசிக்கல.”

“பெரிய கணக்குண்ணே.”

“அப்ப நான் ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தி வைக்கிறேன்.”

அவர் குடத்தைத் தூக்கியதும் எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஊரிலே ‘கம்ப்யூட்டர் ஆபீசர்’ என்று அம்மா பீற்றிக்கொண்டிருந்தது வேறு ஞாபகம் வந்தது. கேள்விக்குறியின் முன்னால் கைகூப்பி, “தாயே, ஏதாவது சொல்லு” என்றேன். சொல்லவில்லை.

அப்போது மடையிலிருந்து குரல் வந்தது. “சார்! வெட்டட்டுமா, வேணாமா?”

நான் திரையையே பார்த்தேன்.

“கேட்டுக்கினே நிக்கிறேன், ஒருத்தரும் பதில் சொல்லலன்னா நான் இன்னா சார் பண்றது?”

மேஸ்திரி எனக்காக நிற்கிறார். நான் பெட்டிக்காக நிற்கிறேன். அப்படியென்றால் இந்தப் பெட்டி யாருக்காக நிற்கிறது?

கூப்பிய கையைப் பிரித்தேன். வியர்வையில் மை கரையத் தொடங்கியிருந்தது. நல்லவேளை, எண்கள் இன்னும் தெரிந்தன. அடர்த்தியை அடித்துச் சாவியை அழுத்தினேன். மறுபடியும் கேள்விக்குறி! உயிர் போய்த் திரும்பியது. பிறகுதான், இரண்டு எண் கேட்கும்படி எழுதிவைத்த மகானுபாவன் நானேதான் என்று உறைத்தது. சூட்டையும் அடித்தேன். கண் இமைப்பதற்குள் விடை வந்து நின்றது.

அதிகாரி தான் கையால் போட்டு வைத்திருந்த கணக்கோடு ஒத்துப் பார்த்தார். “ம்” என்றார். அவரிடம் அது பாராட்டு விழா.

“வெட்டுங்க மேஸ்திரி!” என்று நான் கத்திய கத்தல் பக்கத்து ஊர் அனுமந்தை வரை கேட்டிருக்கும். மண் சரிந்து, உப்புநீர் பாத்திகளுக்குள் பளபளத்துக்கொண்டு ஓடியது. டிரைவர் காலிக் குடத்தோடு நின்றார். “ஊத்துனதெல்லாம் வேஸ்ட்டா?”

சாயங்காலம் ஜீப் டிரைவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. அந்த மதியம் பெட்டி எதையும் யோசிக்கவில்லை. அது கேட்ட இரண்டு எண்களும் என் உள்ளங்கையில் இருந்தன.