மூன்றாவது தகடு

அறுபதுகளின் பிற்பாதியில், சிங்கப்பூரில், நான் எந்நேரமும் தூக்கக் கலக்கத்தோடுதான் திரிந்தேன். பகலில் ஒரு மருத்துவமனையின் கண் பிரிவில் டெக்னீஷியன். மாலையில் சிராங்கூன் சாலையில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வில்லை தேய்க்கும் வேலை. ஞாயிறும் கடை உண்டு. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கி, தேக்கா நிறுத்தத்தில் இறங்காமல் தாண்டிப் போய்த் திரும்பி நடந்த நாட்கள் ஏராளம். அலுப்பைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு, அவ்வளவுதான்.

அப்போதுதான் எங்கள் பிரிவுக்கு லேசர் இயந்திரம் வந்தது. விழித்திரையில் கிழிசல் விழுந்தால், அதைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகச் சுட்டு ஒட்டவைக்கும். அந்த ஒளியை அப்படியே கண்ணுக்குள் விட்டால் கண் போய்விடும். அதனால் வழியில் சாம்பல் நிறக் கண்ணாடித் தகடுகளைச் செருகி அதைத் தணிக்க வேண்டும். ஒரு தகடு போட்டால் ஒளி பாதியாகும், இரண்டு போட்டால் கால்வாசி. எத்தனை என்று டாக்டர் சொல்வார். போடுவதும், போட்டதைப் பதிவேட்டில் எழுதுவதும் என் வேலை.

முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் படை முகாம்களின் வெள்ளைக்காரக் குடும்பத்தினர். இயந்திரத்தோடு வந்த கையேடு இரண்டு தகடு என்றது. அவர்களுக்கு அது சரியாகவே இருந்தது. ஆனால் தினமும் காலையில் காகிதத்தில் சுட்டுச் சோதிப்பவன் நான். வெள்ளைக் காகிதத்தில் தடமே விழாது, பழுப்புக் காகிதம் கருகும், கறுப்புக் காகிதம் ஓட்டையாகும். நம்மவர்களின் கண்ணுக்குள் கறுப்பு அதிகம், ஒளியை அதிகமாகக் குடிக்கும். இதை ஒருநாள் டாக்டரிடம் சொன்னேன். கையேடு எழுதியவர்களுக்குத் தெரியாததா என்று சிரித்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார். நல்ல மனிதர்தான். எனக்குத்தான் சுருக்கென்றது. இனி வாயே திறப்பதில்லை என்று இருந்துவிட்டேன்.

பிறகு செம்பவாங் கப்பல் பட்டறையிலிருந்து ஒருவர் வந்தார். கப்பலில் துரு சுரண்டும் தொழிலாளி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். துருத் துணுக்கு தெறித்து இடக்கண் எப்போதோ போயிருந்தது. இப்போது வலக்கண்ணில் கிழிசல். மிச்சம் இருந்தது அந்த ஒரு கண்தான். இயந்திரத்தின் முன் அவர் தலையைப் பிடித்து நிறுத்தியபோது கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

டாக்டர் இரண்டு என்றார். நான் மூன்று போட்டேன். சொல்லவில்லை.

புள்ளிகள் எப்படி விழ வேண்டுமோ அப்படியே விழுந்தன. டாக்டருக்குத் திருப்தி. பதிவேட்டில் ‘இரண்டு’ என்று எழுதினேன். மூன்று என்று எழுதினால் விளக்கம் சொல்ல வேண்டும், வாதாட வேண்டும். யாருக்கு அந்தத் தெம்பு? அடுத்த முறையும் நான்தானே போடப்போகிறேன் என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும் இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன்.

மூன்று வாரம் கழித்து, மிச்சக் கிழிசலையும் சுட்டு ஒட்டவைக்க, அவர் மறுபடி வர வேண்டிய நாள். அன்று காலை என்னால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. வீட்டுக்குக் கீழே இருந்த கடையிலிருந்து போன் செய்து லீவு சொல்லிவிட்டு வந்து படுத்தேன். அவருடைய முறை அன்றுதான் என்பது நினைவுக்கே வரவில்லை. மத்தியானம் வரை தூங்கினேன். அந்த வருஷத்தில் நான் நன்றாகத் தூங்கியது அன்றுதான்.

எனக்குப் பதிலாக வேறு பிரிவு டெக்னீஷியன் ஒருவர் நின்றிருக்கிறார். போன முறை போட்டதையே போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அவர் பதிவேட்டைப் புரட்டி, என் கையெழுத்தைப் பார்த்து, இரண்டு தகடு போட்டிருக்கிறார். முதல் சூட்டிலேயே கண்ணுக்குள் ரத்தம் கொட்டிவிட்டது.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன், அனுப்பவில்லை. அதற்குப் பிறகு நம்மவர்களுக்கு மூன்று தகடு என்று ஆனது.

ரத்தம் வடிந்தால் பார்வை வரும் என்று இரண்டு மாதம் பார்த்தோம். வரவில்லை. கடைசியாக வந்த அன்று அவர் மனைவியின் தோளைப் பிடித்தபடி வந்தார். தாழ்வாரத்து பெஞ்சில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் குரலைக் கேட்டதுமே அடையாளம் கண்டுகொண்டார்.

“அன்னைக்கு நீங்க இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது தம்பி. அந்த ஆளுக்குக் கை பழகல லா.”

“அவர் மேல தப்பு இல்லண்ணே. நான்தான் புக்குல தப்பா எழுதி வச்சேன். மூணு போட்டுட்டு ரெண்டுன்னு எழுதிட்டேன்.”

அவர் சிரித்தார். கையை நீட்டித் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“கூட வேல செய்றவர விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறீங்க. நல்ல மனசு தம்பி உங்களுக்கு.”

மனைவியும் ஆமாம் என்று தலையாட்டினார். மறுபடி சொல்லியிருக்க வேண்டும். அவர் நம்பும்வரை சொல்லியிருக்க வேண்டும். நான் அவரைக் கைபிடித்து நிறுத்தம் வரை கூட்டிப்போய் செம்பவாங் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அவர் உள்ளே உட்கார்ந்ததும், நான் நிற்காத பக்கமாகத் திரும்பி, எனக்கு நன்றி சொன்னார்.