மூடியைக் கழற்றும் முன்

தண்டலம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பல வருஷம் பாடம் எடுத்தவள் நான். சேர ஆளில்லாமல் என் துறையையே மூடிவிட்டார்கள். நாற்பது தாண்டிய வயதில் ஒரகடத்தில் ஒரு மெஷின் கம்பெனியில் கையேடு எழுத டிரெய்னியாகச் சேர்ந்தேன்.

எனக்கு மேலே இருந்த பெண்ணுக்கு என் மாணவிகளின் வயசுதான். பக்கம் பக்கமாக எழுதாதீங்க, கட்டம் கட்டமாக எழுதுங்க என்றாள். விளக்கத்துக்கு ஒரு கட்டம், ஆபத்துக்கு ஒரு கட்டம், செய்முறைக்கு ஒரு கட்டம். ஒரு படியில் ஒரே வேலை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வாக்கியம் ஆறு மாதிரி ஓடும். இவள் அதை இட்லித் தட்டில் ஊற்றச் சொல்கிறாள்!

கடைசியாகக் கொடுத்தது, காற்றை அழுத்தி அடைக்கும் கம்ப்ரசரின் பெல்ட்டைச் சோதிக்கும் பகுதி. இது தேறினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் திரும்பவும் பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். பயம்தான். ஆனாலும் திமிர் விடுமா? ஒரே வாக்கியமாக எழுதினேன்: ‘மூடியைக் கழற்றி, பெல்ட்டைத் தொட்டு இறுக்கம் பார்க்கவும், ஆனால் அதற்கு முன் மெயினை அணைத்திருக்க வேண்டும்.’

“அக்கா, எச்சரிக்கை மேலே போகணும்.”

“ஒரே வரியில்தானே இருக்கு? படிக்கிறவனுக்குப் புத்தியில்லையா?”

அவள் வாதாடவில்லை. “கீழே போய்ப் படிச்சே பார்த்துடலாம், வாங்க” என்றாள்.

கீழே பயிற்சிக்கென்று கரண்ட் கொடுக்காத கம்ப்ரசர் ஒன்று உண்டு. எந்தக் கையேட்டையும் எழுதியவர் வாசிக்க, மெயின்டனன்ஸ்காரர் ஒருவர் கேட்கக் கேட்க அப்படியே செய்துகாட்ட வேண்டும். அன்று வந்தவர் இருங்காட்டுக்கோட்டைக்காரர், வாய் ஜாஸ்தி. நான் வகுப்பு எடுப்பது போல ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். ‘மூடியைக் கழற்றி’ என்றதும் கழற்றினார். ‘பெல்ட்டைத் தொட்டு’ என்றதும் கையை உள்ளே விட்டார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, ‘ஆனால் அதற்கு முன்’ என்றேன்.

கையை எடுக்காமலே திரும்பினார். “இன்னா மேடம், நான் செத்துப் பூட்டேனே!”

சுற்றி நின்று பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. சமாளிக்க, “வாங்க, டீ சாப்பிடலாம்” என்றேன்.

“செத்தவனுக்கு இன்னா மேடம் டீ? பதினாறாம் நாள் படைங்க.”

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை முட்டியது. கரண்ட் மட்டும் இருந்தால், காற்றழுத்தம் குறைந்ததும் தானாகவே ஓட ஆரம்பிக்கும் மெஷின் அது. வேலை போகுமோ என்ற பயம்கூட மறந்துபோனது. உள்ளே இருந்த அந்தக் கைதான் கண்ணிலேயே நின்றது.

மேலே போய் என் ஆற்றை வெட்டி வெட்டிக் கட்டத்தில் போட்டேன். முதலில் எச்சரிக்கை. அப்புறம், மெயினை அணைக்கவும். யாரும் திரும்பப் போடாதபடி மெயினுக்குப் பூட்டுப் போடவும். மூடியைக் கழற்றவும். படிக்க வறட்சியாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்!

மறுநாளும் அவரே வந்தார். நான் படிக்க, மெயினை அணைத்தார். பூட்டுப் போட்டார். அப்புறம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அடுத்த வரிக்காக என் முகத்தையே பார்த்து நின்றார்.  அவசரப்படாமல் படித்து முடித்தேன்.

“பாஸ், அக்கா. வேலை உங்களுக்குத்தான்” என்றாள் அந்தப் பெண். நான் பதில் சொல்லும் முன் அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“மேடம், இன்னிக்கு உயிரோடதான் கீறேன். டீ எங்க?”