பரஞ்சோதி அண்ணை எழுதிய முப்பத்தேழு அஞ்சலட்டைகள்

பரஞ்சோதி அண்ணையின் நினைவு அட்டையை லமினேற் செய்வதில்லை என்று, சென்ற சனிக்கிழமை பிற்பகல் கனடாவின் ஸ்காபரோவில் அவருடைய வீட்டின் நிலக்கீழ் அறையில் கூடிய ஏழு பேர் ஏகமனதாகத் தீர்மானித்தனர். விவாதம் இரண்டு மணி நேரமும் இரண்டு சுற்றுத் தேநீரும் நீடித்தது. தீர்மானத்தின் பாரதூரம் வெளியூர் வாசகர்களுக்கு உடனே விளங்காது. இறந்த முப்பத்தோராம் நாள் மதிய போசனத்தின் பின் உள்ளங்கை அளவில் ஒரு படம், மறுபக்கம் ஒரு தேவாரம், சுற்றிவரப் பிளாஸ்டிக். இவை இல்லாமல் இந்நகரில் எந்தத் தமிழரும் முறைப்படி இறந்ததாக நான் அறியேன்.

"பேர்சுக்குள்ளை வைச்சா ஒரு மாசத்திலை கிழிஞ்சிடும். பிறகு என்னைப் பேசக்கூடாது" என்று அச்சகக்காரர் தொலைபேசியில் எச்சரித்தார்.

அண்ணையின் மனைவி யோகேஸ்வரி அக்கா, "கிழியட்டும். நான் தொட்டுப் பாக்கவேணும்" என்றார். கூட்டம் கலைந்தது.

அண்ணை இறந்த செய்தி எனக்கு அவருடைய கடை இலக்கத்திலிருந்தே வந்தது. காலை ஏழு மணி. கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். எடுத்தபோது மகள் சுபா பேசினார். முதல்நாள் மாலை அண்ணை கடையைப் பூட்டிக்கொண்டு பஸ் தரிப்பில் அமர்ந்திருக்கிறார். இரண்டு பஸ்கள் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன. மூன்றாவது பஸ்ஸின் சாரதி இறங்கி வந்து தோளைத் தொட்டாராம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு சிறிய பிளாசாவில், ரொட்டிக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே, கடவுச்சீட்டுப் படம், போட்டோக்கொப்பி, லமினேற் ஆகிய மூன்றையும் இருபத்தாறு ஆண்டுகள் செய்தவர். நான் ஒரு வாரப் பத்திரிகையில் எழுதுபவன். கொப்பி எடுக்கப் போய், கதைக்கத் தங்கியவர்களில் ஒருவன்.

லமினேற் அவருக்குத் தொழிலாக அமைவதற்கு முன்னரே கொள்கையாக இருந்தது. ஊரை விட்டு வரும்போது கடனீரேரியைப் படகில் கடந்தார். பிறப்புச் சான்றிதழ் இடுப்பில், ஒரு கடைப்பைக்குள் இருந்தது. கரையேறியபோது அதில் முத்திரை மட்டுமே மிச்சம். அந்தத் தாளைத்தான் இங்கே அகதி விசாரணையில் நீட்டினார். "அரசாங்கம் இருந்தது தம்பி, நான் இருக்கேல்லை" என்பார். தான் இருப்பதை நிரூபிக்க அவருக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆறு ஆண்டுகளுக்குள் ஊரில் அவருடைய தாயார் காலமானார். போக முடியவில்லை. வதிவிட அனுமதி கிடைத்த வாரமே லமினேற் இயந்திரம் ஒன்று வாங்கினார்.

பிறகு எங்கள் சமூகத்தில் அவர் கைபடாத தாள் இல்லை. அடையாள அட்டை, ஞானஸ்நானப் பத்திரம், மூன்றாம் வகுப்பு நாட்டியப் பரிசு. ஒருவருடைய சாதகத்தையும் செய்து கொடுத்தார். அதற்குப் பின் அவருக்குச் சனி பெயரவில்லை என்று கேள்வி.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதத்தில், எஸ்தர் என்ற மூதாட்டி கடைக்கு வந்தார். பிளாசாவுக்குப் பின்னாலுள்ள அடுக்குமாடியில் தனியே வசித்தவர். பிராக் நகரத்து யூதக் குடும்பம். ஒன்பது வயதில், போருக்குச் சற்று முன், தாயார் அவரைப் பிள்ளைகளை ஏற்றிச்சென்ற ரயிலொன்றில் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார். தாயாரைப் பின்னர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. எஸ்தரிடம் மிஞ்சியவை, பாண் வாங்கிவந்த பிளாஸ்டிக் பை ஒன்றுக்குள் அடங்கின. பள்ளி அறிக்கை, கழுத்தில் இலக்கத்தோடு எடுத்த படம், இன்னும் சில தாள்கள், தபால் நின்றுபோவதற்கு முன் வந்த கடைசி அஞ்சலட்டை. யூத இனப்படுகொலைக் கால ஆவணங்களைச் சேகரிக்கும் காப்பகம் ஒன்று பிரதி கேட்டிருந்தது. மூலங்களைத் தன் காலத்துக்குப் பின் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி, பையை அண்ணையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

அண்ணை கொப்பி எடுத்தார். அஞ்சலட்டையின் ஒரு மூலை பிரிந்திருந்தது. எட்டு வரி, பென்சில் எழுத்து. மொழி தெரியாது. ஆனால் தாயின் எழுத்து என்று எஸ்தர் சொல்லியிருந்தார். கடையில் இருந்தவற்றுள் மிகத் தடித்த பிளாஸ்டிக்கைத் தேர்ந்து, தன் அன்பளிப்பாக அதை லமினேற் செய்தார்.

"அடுத்தநாள் மனுசி வந்து விரலை வைச்சா. இஞ்சையும் அங்கையும் தடவினா. 'நல்ல துப்புரவா இருக்கு' எண்டா. பிறகு, 'இதை எடுக்கலாமோ?' எண்டு கேட்டா. எடுத்தா கடதாசியும் சேந்து வரும் எண்டன். தாங்ஸ் சொல்லிப்போட்டுப் போட்டா" என்று பின்னாளில் எனக்குச் சொன்னார்.

இரண்டு வாரம் எஸ்தர் அந்தப் பக்கம் வரவில்லை. அண்ணை விசாரித்து அவருடைய வீட்டுக்குப் போனார். இருவருடைய ஆங்கிலமும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து புறப்பட்டவை. ஆயினும் வழியில் எங்கோ சந்தித்துக்கொள்ளும். எஸ்தருக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தாயார் பென்சிலை அழுத்தி எழுதுபவர். அட்டையில் எழுத்துகள் குழிந்திருந்தன. எஸ்தர் அதை விரலால் வாசித்து வந்திருக்கிறார். ஒவ்வொரு நாளும், காலை உணவுக்குப் பின்.

அண்ணை மன்னிப்புக் கேட்டார். எஸ்தர் வேறொன்றைச் சொன்னார். அதை அண்ணை சொன்னபடியே தருகிறேன்: "ரயில் வெளிக்கிடேக்கை, குளிரும், ஜன்னலைச் சாத்து எண்டு தாய் சொன்னவவாம். இவ சாத்தினவ. கண்ணாடிக்கு இஞ்சாலை இவ, அங்காலை தாய். அவ்வளவுதான் தம்பி சொன்னா. எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தா."

அதன்பின் அண்ணை தன் பழைய தாள்களில் பென்சிலால் எழுதி லமினேற் செய்து, உறைபெட்டியில் வைத்தும் சூடுகாட்டியும் உரித்துப் பார்த்தார். ஒரு மாதத்தில் தன் திருமணப் பதிவையும் வாகன ஓட்டப் பரீட்சைச் சான்றையும் அழித்தார். காப்பகத்தில் தாள்களைப் பழுதுபார்க்கும் இளம் பெண்ணிடம், எஸ்தரிடம் கேட்டு வாங்கிய அஞ்சலட்டையோடு போனார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி எதுவும் செய்யவேண்டாம் என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டுக்கொண்டார். அந்த மரியாதையை அண்ணை கடைசிவரை மறக்கவில்லை.

கடையிலும் ஒரு மாற்றம் வந்தது. லமினேற் செய்ய எதைக் கொடுத்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பார். நான் நின்றிருந்த ஒரு நாள், ஒருவர் தன் மகனுடைய நீச்சல் சான்றிதழை நீட்டினார்.

"இதைத் தொட்டுப் பாக்கிற ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்றார் அண்ணை.

"அவனே இன்னும் ஒழுங்காத் தண்ணியைத் தொடேல்லை அண்ணை. உதை லமினேற் அடியுங்கோ."

புதன்கிழமைகளில் கடை இரண்டு மணிக்கே பூட்டப்பட்டது. காரணத்தை நாங்கள் எவரும் அறியோம். நீரிழிவுக்கு வைத்தியரிடம் போகிறார் என்று முடிவுசெய்து, நான் அவருக்குப் பாகற்காயின் பயன்கள் பற்றி நீண்ட அறிவுரை வழங்கியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

உண்மை சென்ற ஆண்டு தெரியவந்தது. எஸ்தர் காலமானபின் அவருடைய மருமகள் பாண் பையை அப்படியே காப்பகத்திடம் சேர்த்தார். சில நாள் கழித்து அண்ணை என்னை அழைத்தார். "தம்பி, அங்கை ஒரு எழுத்தை வாசிக்க ஆள் தேவையாம். நீர் போய் வாசிச்சு விடும். எனக்கு அந்தப் பிள்ளையின்ரை முகத்தைப் பாக்கேலாது" என்றார்.

செக் மொழியும் ஜெர்மனும் இத்திஷும் அறிந்தவர்கள் நிறைந்த இடத்தில், ஒருவராலும் வாசிக்க முடியாத ஆவணம் என்று காப்பகத்து இளம் பெண் அந்தப் பையிலிருந்து எடுத்து என் முன் வைத்தது அண்ணையின் கையெழுத்தை. மொத்தம் முப்பத்தேழு அட்டைகள். ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் அதே எட்டு வரி, தெரியாத மொழியில், எழுத்துக்கு எழுத்துப் பார்த்து, பென்சிலால் அழுத்தி எழுதப்பட்டிருந்தது. பின்பக்கத்தில் தமிழில் குறிப்பு. புதன்கிழமைகளில் எஸ்தர் விரலால் தடவிச் சொன்ன திருத்தங்கள் அவை. அம்மா எங்கே அழுத்தினார், எங்கே அழுத்தவில்லை என்பது எஸ்தருடைய விரலுக்கு மனப்பாடமாக இருந்திருக்கிறது.

நான் வாசித்தேன். அவர் எழுதிக்கொண்டார்.

முதலாவது அட்டையில்: "எழுத்து அம்மாவின்ரை இல்லையாம். ஆனால் ஆரோ அழுத்தி எழுதியிருக்கினமாம்." ஐந்தாவதில்: "இரண்டாம் வரி, பால் குடிக்கச் சொல்லுமிடம், இவ்வளவு அழுத்தக் கூடாது." பன்னிரண்டாவதில்: "பேர் எழுதேக்கை கொஞ்சம் நிண்டு எழுதவேணும்." இருபத்தொன்பதில்: "கடைசி வரியிலை பென்சில் மழுங்கிப்போச்சு. நான் கூராக்கினது பிழை."

முப்பத்தேழாவதில்: "இதுக்கு ஒண்டும் சொல்லேல்லை. கையை எடுக்கேல்லை."

அந்தப் பெண் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, தேதி ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

திரும்பி வந்து அண்ணையிடம் சொன்னேன். "கடைசி அட்டையையும் வாசிச்சுப்போட்டீரோ?" என்றார். ஓம் என்றேன். "சரி. உம்மடை கொப்பி எத்தினை?" என்று இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். பாகற்காய் பற்றி அவரிடம் மன்னிப்புக் கேட்க எண்ணியிருந்தேன். கேட்கவில்லை.

தகனம் முடிந்த மறுவாரம் காப்பகத்துக்கு மீண்டும் போனேன். அண்ணை இறந்ததைச் சொன்னபோது அந்தப் பெண் எழுந்து நின்றார். பின் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து திறந்தார். எஸ்தருடைய தாயாரின் அஞ்சலட்டையை என் கையிலேயே தந்தார். பிளாஸ்டிக்கின் மேல் விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. துப்புரவான வேலை. ஒரு காற்றுக்குமிழி இல்லை.

பரஞ்சோதி அண்ணை, உங்கள் படம் போட்ட அட்டை இதோ இந்த நினைவு மலரின் நடுப்பக்கத்தில் வெறும் தாளாக இருக்கிறது. யோகேஸ்வரி அக்காவின் பிரதியில் மூலை ஏற்கெனவே மடிந்துவிட்டது. போய்வாருங்கள்.

காப்பகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் எஸ்தருடைய தாயாரின் அஞ்சலட்டையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். அது பிளாஸ்டிக்கினுள் இருப்பதால் கையுறை தேவையில்லை. மற்ற முப்பத்தேழும் பென்சில் எழுத்து என்பதால், அவற்றைத் தொட அனுமதி இல்லை.