பூண்டுப் புகையில் பிரிக் கேம்

பேட்டரியை நெருப்பில் காட்டிச் சூடேற்றி வீடியோ கேம் ஆடியிருக்கிறீர்களா? நான் ஆடியிருக்கிறேன். பழைய ஆட்டங்களெல்லாம் அடங்கிய கைக் கருவி ஒன்று நேற்று பார்சலில் வந்தது. அதன் பட்டன் டிக்கென்றதுமே, மலைக் கிராமமான பள்ளங்கியில் இருந்த எங்கள் பூண்டுக் கொட்டகை மூக்கில் ஏறிவிட்டது. மேலே பூண்டுக் கொத்துகள் தொங்க, கீழே விறகு புகைய, கண்ணெரிச்சலோடு நானும் செல்வி அக்காவும் ஒரே பிரிக் கேமுக்கு அடித்துக்கொண்ட இடம் அது. குளிரில் சோர்ந்த பேட்டரியைச் சூடேற்றக் கழற்றினால் ஸ்கோர் அழிந்துவிடும் என்பதால், அக்காவின் சாதனை மட்டும் தூணில் கரியால் எழுதியிருக்கும். நான் அதைத் தாண்டப்போகும்போதெல்லாம் அவளுக்கு அக்கறை பொங்கும்.

"ஏ புள்ள, பேட்டரி குளுந்துபோச்சு, வெரசா கழட்டு!"

"இன்னும் ரெண்டே வரிசதான்க்கா!"

"கழட்டுங்குறேன்ல!"

கொட்டகை போய் அங்கே டூரிஸ்ட் காட்டேஜ் வந்துவிட்டது. இப்போது அக்கா எதிரே உட்கார்ந்திருக்கிறாள், நான் அவளைத் தாண்டப்போகிறேன், சார்ஜ் தொண்ணூறு சதவீதம் இருக்கிறது.