முதல் துண்டு

செட்டிபாளையத்தில் பயந்தாங்கொள்ளி யாரென்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சீதேவிப்பிள்ளையின் வீட்டுப் படலையைக் காட்டும். இடி இடித்தால் உரலுக்குப் பின்னால் ஒளிவாள். வாவியில் தோணி ஏறச் சொன்னால் போதும், கரைத் தென்னையைக் கட்டிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் தலையிலும் யுத்தம் வந்து விடிந்தது.

ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றுபோயிற்று. கூப்பன் அரிசி கால்வயிற்றுக்கும் காணாது. புருஷன் இளையதம்பி திருகோணமலைத் துறைமுக வேலைக்குப் போயிருந்தான். வேறு வழியில்லாமல் ஊரே கடற்கரை மணலில் மரவள்ளி நட்டது. சீதேவிப்பிள்ளையும் நட்டாள், நட்டுவிட்டு அழுதாள். அழாமல் என்ன செய்வாள்? மரவள்ளியில் எது நஞ்சென்று பார்த்தால் தெரியாது; முன்பு நச்சுக் கிழங்கு தின்ற அக்காள் மகன் அவள் மடியில்தான் துடிதுடித்துச் செத்தான்.

முதற் கிழங்கு அவிந்ததும் பிள்ளைகள் கோப்பையோடு வந்து குந்தின. அவள் சட்டியை உறியில் தூக்கி வைத்துவிட்டு, ஒரு துண்டைத் தான் தின்றாள்.

"பசிக்குதும்மா!"

"பொறுங்க மக்காள். அம்மாக்கு ஒண்டும் ஆகாட்டி மறுகா தின்னலாம்."

உச்சி வெயில் ஏறும்வரை சுவரோடு சாய்ந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் சட்டி இறங்கியது. புதுப் பாத்தி கிண்டும்போதெல்லாம் இதே கதைதான்.

"என்னகா, கிழங்கு தின்னவும் நல்ல நேரம் பாக்கிறியா?" என்று பக்கத்து வளவுப் புஸ்பம் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தவள்தான், தன் வளவில் கிழங்கு கிண்டிய அன்று கோப்பையை மூடிக்கொண்டு வந்து நின்றாள். "மச்சாள், எனக்கும் பயமாக் கிடக்கு. நீ ஒருக்காத் தின்டு பாரன்."

பிறகு ஒவ்வொரு வீட்டுக் கோப்பையும் வந்தது. என்ன சனமோ! கேலி செய்த வாய்தான் கெஞ்சவும் செய்தது. மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை, அக்காள் மகனின் முகம் கண்ணில் நின்றது. "கண்ணகை அம்மா, காப்பாத்து" என்று நடுங்கி நடுங்கியே தின்றாள்.

ஒருநாள் புஸ்பம் கொண்டுவந்த கிழங்கு. வாயில் கைப்பே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தலை சுற்றியது, கண் இருட்டியது, குடல் வெளியே வருவதுபோல் சத்தி எடுத்தாள்.

"குடுத்திடாதகா! பிள்ளையளுக்குக் குடுத்திடாத!"

புஸ்பம் தலைவிரி கோலமாக வீட்டுக்கு ஓடினாள். அங்கே கடைக்குட்டி சட்டிக்குள் கையை விட்டிருந்தான். கையில் ஓங்கி அடித்துத் துண்டைப் பறித்தாள், சட்டியை முற்றத்தில் போட்டு உடைத்தாள்.

பொழுது சாயும்போதுதான் சீதேவிப்பிள்ளை கண் திறந்தாள். தலைமாட்டில் புஸ்பம் அழுதுகொண்டிருந்தாள்.

"சாகப் பாத்தியேகா! உனக்குப் பயமில்லையா?"

"பயமில்லாட்டி பிள்ளைக்குத்தானே முதல்ல குடுத்திருப்பன்."

அவள் எழுந்து நடமாடியதும் மறுபடி கிழங்கு அவித்தாள். முதல் துண்டுக்குக் கை நீட்டுவதற்குள் புஸ்பம் கோப்பையை இழுத்துக்கொண்டாள்.

"விடுகா. இண்டைக்கு என்ட முறை. நாளைக்கு மற்றவளுகள் வருவாளுகள், சொல்லிப்போட்டன்."

புஸ்பம் கண்ணகை அம்மாவைக் கூப்பிட்டுத் துண்டை வாயில் போட்டாள். சீதேவிப்பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வெயில் உச்சிக்கு ஏறும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.