குண்டும் குழியுமான தெருவுக்கு ஒரு டெஸ்ட் டிரைவ்

எங்கள் ஷோரூமில் அவரை எல்லோரும் ‘ரவுண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் குண்டு இல்லை, ஒல்லி. கார் வாங்க வருகிறவர்களை டெமோ வண்டியில் ஏற்றி ஒரு சுற்று போய்த் திரும்புவது அவர் வேலை. அந்தச் சுற்றை நாங்கள் ரவுண்டு என்போம். பதினோரு வருடம் அதே சுற்றில் போய் வந்ததில் பெயர் அவர் மேலேயே ஒட்டிக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அதை அவருடைய உண்மைப் பெயர் என்று நினைத்து, சம்பளப் பட்டியலில் அரை மணி நேரம் தேடியிருக்கிறாள்.

நான் அங்கே வண்டிகளின் வரத்து, இருப்பு, டெலிவரி எல்லாம் எழுதி வந்தவன். அவர் சாவி வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் என் மேஜையில்தான். ஆகவே இதில் பாதி நான் பார்த்தது. மீதி, அவரும் அவருடைய அக்காவும் தனித்தனியே சொன்னது. இருவரும் சேர்ந்து பார்த்ததில், ஒத்துப்போன இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

அந்தச் சுற்றைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கேட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் அலுவலகக் கட்டடங்கள் நிற்கும் அகலமான சாலை. மூலையில் மருந்துக்கடை. மறுபடி இடது, இரண்டு பக்கமும் மரங்கள். பிறகு பூங்காவை ஒட்டி ஒரு நீண்ட வளைவு, அங்கிருந்து ஷோரூமின் பின்வாசல். எல்லாத் திருப்பமும் இடது பக்கமே என்பதால் எதிரே வரும் வண்டிக்காக எங்கும் காத்திருக்க வேண்டாம். பள்ளம் கிடையாது, மேடு கிடையாது, ஒரு ஸ்பீடு பிரேக்கர்கூடக் கிடையாது. கண்ணாடிகளை ஏற்றியே வைக்க வேண்டும், ரேடியோ மெல்லப் பாட வேண்டும் என்பது விதி.

நாங்கள் விற்றது சிறிய ரக எஸ்யூவி. உயரத்தில் ஜீப்புக்குத் தம்பி, நீளத்தில் சாதாரணக் காருக்கு அண்ணன். அதைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. சீட் உயரம், சாலை நன்றாகத் தெரியும். தண்ணீர் தேங்கிய தெருவில் அடிப்பக்கம் இடிக்காது. கதவுகள் தாராளமாகத் திறக்கும். இன்னொரு பக்கமும் உண்டு. ஸ்பிரிங் விறைப்பு; பள்ளத்தில் இறங்கினால் இடுப்புக்குத் தெரியும். மூன்று சிலிண்டர் எஞ்சின், சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும். ஆள் ஏறினால் மேட்டில் மூச்சு வாங்கும். பின்பக்கத் தூண் தடிமன், ரிவர்ஸ் எடுக்கும்போது பாதி உலகம் மறைந்துவிடும். இந்தக் குறைகளில் ஒன்றுகூட வெளியே தெரியாதபடி தேடிப் பிடித்த வழி அந்தச் சுற்று.

எந்த இடத்தில் என்ன பேச வேண்டும் என்பதும் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. மருந்துக்கடை மூலையில், “ஏசி ஜில்லுனு இருக்கா சார்?” மர நிழலில், “சத்தமே இல்லை, கவனிச்சீங்களா?” பூங்கா வளைவில், “ஒரு விரல்ல திருப்பலாம் மேடம், ஸ்டீயரிங் அவ்வளவு லேசு.” ஒருநாள் வீட்டில் மனைவி ஃபேனைப் போட்டதும் இவர் வாய் தானாக, “ஜில்லுனு இருக்கா?” என்று கேட்டிருக்கிறது.

“வீட்டுக்குள்ளயும் ரவுண்டா? முதல்ல வண்டியை விட்டு இறங்குங்க” என்றாராம் மனைவி.

அதற்கு முன் ரவுண்டு தொலைதூர லாரி ஓட்டியவர். ஓர் ஊரில் குளித்து, அடுத்த ஊரில் சாப்பிட்டு, மூன்றாவது ஊரில் தூங்கியவர். இரண்டாவது குழந்தை பிறந்தபோது, “பிள்ளைங்க உங்களை விருந்தாளின்னு நினைக்குதுங்க” என்று மனைவி சொன்னார். ஆறு மாதம் பார்க்கலாம் என்று இங்கே வந்தார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அந்த ஆறு மாதம் மட்டும் முடியவில்லை.

ஒருமுறை சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “செக்குமாட்டுக்காவது கண்ணைக் கட்டி விடுவாங்க சார். எனக்குக் கண்ணாடியைத் துடைச்சு விட்டிருக்காங்க.”

அந்த வருடம் எங்கள் ஃபேக்டரி டிரைவர் ஓய்வு பெற்றார். ஃபேக்டரியிலிருந்து புது வண்டிகளை ஓட்டிக்கொண்டு வருகிற வேலை. இரண்டு நாள் சாலை. நடுவில் ஒரு மலை, ஒரு பெரிய ஆறு. ரவுண்டு அன்றே மனு எழுதிக் கொடுத்தார். மனைவியும் தடுக்கவில்லை. “தாராளமா போங்க. ரெண்டு நாளாவது ரிமோட் என் கையில இருக்கும்” என்றார்.

மேனேஜர் மேடம் கெட்டவர் அல்ல. ஆனால் அவருக்கு மேலே ஒருவர் உட்கார்ந்து தினமும் ஃபோன் செய்துகொண்டிருந்தார். ஒரு வெள்ளை வண்டி மாதக்கணக்கில் விற்காமல் நின்றது. மேடம் ரவுண்டைக் கூப்பிட்டார்.

“உங்க அக்கா வீட்ல கார் பாக்கறாங்கன்னு சொன்னீங்களே?”

“சும்மா பேச்சுக்குச் சொன்னேன் மேடம்.”

“பேச்சுக்குச் சொன்னதைச் செயல்ல காட்டுங்க. கூட்டிட்டு வாங்க. அந்த வெள்ளை வண்டி போகட்டும், மறுநாள் காலையில ஃபேக்டரி ஆர்டர் உங்க கையில இருக்கும்.”

மற்றவர்களுக்கு இது நல்ல செய்தியாக இருந்திருக்கும். இவருக்கு அப்படி இல்லை. காரணம் இவருடைய அத்தான், அதாவது அக்காவின் கணவர். அவர் துணிக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாளெல்லாம் மேஜை மேல் குனிந்து துணி வெட்டி வெட்டி முதுகுத்தண்டு வட்டு நகர்ந்து, ஆபரேஷன் ஆகியிருந்தது. குலுக்கல் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர்கள் தெருவோ குழாய் பதிக்கத் தோண்டி, மனசில்லாமல் மூடிய தெரு.

விற்றால் இவருக்கு இரண்டு நாள் சாலை. அத்தானுக்கு ஆயுசுக்கும் அந்த ஸ்பிரிங். விற்காவிட்டால் இவருக்கு மருந்துக்கடை மூலை. “ரெண்டு பக்கமும் கதவு லாக் ஆயிடுச்சு சார்” என்றார் என்னிடம்.

அக்காவும் அத்தானும் ஒரு விடுமுறை நாள் காலையில் வந்தார்கள். அக்காதான் ஓட்டப்போகிறவர் என்பதால் ஸ்டீயரிங்கில் அவர். பக்கத்தில் அத்தான். ஆகவே ரவுண்டு பின்னால் ஏறினார். பதினோரு வருடத்தில் அந்த வண்டியின் பின்சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முழங்கால் முன்சீட்டில் முட்டியது. ஜன்னல் தோளுக்கு மேலேதான் ஆரம்பித்தது. ஒரு பெட்டிக்குள் வைத்து மூடியதுபோல இருந்ததாகச் சொன்னார். தினமும் எத்தனையோ பேரை அங்கே உட்காரவைத்து, “இடம் போதுமா?” என்று முன்னாலிருந்து திரும்பிப் பார்க்காமலே கேட்டிருக்கிறார்.

மருந்துக்கடை மூலை வந்தது. “ஏசி ஜில்லுனு இருக்கா?” என்றது அவர் வாய்.

“என்னடா, கஸ்டமர்கிட்ட பேசற மாதிரி பேசற? உன் மூக்கைத் துடைச்சு வளர்த்தவடா நான்” என்றார் அக்கா.

அத்தான் சிரித்தார். முதுகுக்கு வைக்கக் கொண்டுவந்த மடித்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். “சோபால உட்கார்ந்த மாதிரி இருக்கு மாப்ளே. முடிச்சிடலாம். இவ்வளவு தூரம் வந்து ஒரு குலுக்கல் இல்லையே!” என்றார். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

மூடிய அந்தக் கண்களைப் பின்னாலிருந்து கண்ணாடியில் பார்த்தபோதுதான் தன்னால் முடியவில்லை என்றார் ரவுண்டு. பூங்கா வளைவு வந்தது.

“அக்கா, திரும்பாதே. நேரா போ.”

“எல்லாரும் இப்படித்தானே திரும்பறாங்க?”

“நேரா போக்கா. உங்க வீட்டுக்குப் போ.”

டெமோ வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் திரை மேனேஜர் அறையில் இருந்தது. கையெழுத்துக்காக நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். வழக்கமான கோட்டை விட்டு ஒரு சிவப்புப் புள்ளி விலகிப் போவதை இருவரும் பார்த்தோம்.

“இவர் எங்க போறார்?” என்றார் மேடம்.

“தெரியலை மேடம்” என்றேன். எனக்குத் தெரியாததால் அப்படிச் சொன்னேன்.

வண்டிக்குள் ரவுண்டு ஜன்னல்களை இறக்கச் சொன்னார். ஏசியை அணைக்கச் சொன்னார். ரேடியோவை நிறுத்தச் சொன்னார்.

“இப்ப கேளு. கடகடன்னு வருதே, அது எஞ்சின். விளம்பரத்துல இதை ஸ்போர்ட்டின்னு சொல்லுவாங்க. சத்தம்னா சத்தம்தான்.”

பாலத்து ஏற்றத்தில் வண்டி முனகியது. “கியரை இறக்குக்கா, இன்னும் ஒண்ணு இறக்கு. மூணு பேருக்கே இப்படி. உன் நாத்தனார் குடும்பத்தையும் ஏத்தினா, நீ இறங்கித் தள்ளணும்.”

“அவங்களை யாரு ஏத்தப் போறா?” என்றார் அக்கா. தன் தங்கை குடும்பத்தைப் பற்றிய அந்தப் பேச்சு காதில் விழாததுபோல அத்தான் வெளியே பார்த்தார்.

பிறகு அவர்கள் தெரு. முதல் பள்ளத்தில் அத்தான் மேலே இருந்த கைப்பிடியைப் பற்றினார். இரண்டாவதில் “அம்மா!” என்றார். மூன்றாவதில் பின்னால் இருந்த ரவுண்டின் தலை கூரையில் இடித்தது.

“பின்சீட் இதைவிட மோசம் அத்தான். நீங்க பின்னால மட்டும் உட்காரவே கூடாது. முன்னாலயும் இவ்வளவுதான். டயர்ல காத்துக் கொஞ்சம் குறைச்சா லேசா அடங்கும், ஆனா போகாது. போகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.”

வீட்டெதிரே ரிவர்ஸ் எடுத்தபோது அக்கா ஒரு தண்ணீர் டிரம்மை உரசாத குறையாக நிறுத்தினார். “பின்னால என்னடா இருக்கு? ஒண்ணும் தெரியலையே.”

“அதைத்தான்க்கா காட்டிட்டிருக்கேன்.”

அத்தானுக்கு வலியும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. “நீ வண்டி விக்க வந்தியா மாப்ளே, எங்களை விரட்ட வந்தியா?”

ரவுண்டு கூரையில் இடித்த தலையைத் தடவிக்கொண்டார். ஃபேக்டரி வேலை போயிற்று என்று அந்த நிமிடம் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

ஆனால் அத்தான் கதவைத் திறந்தார். உடம்பைத் திருப்பினார். இரண்டு காலையும் தரையில் வைத்து எழுந்து நின்றார். அவ்வளவுதான். யாரும் கைகொடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். இன்னொரு முறையும் செய்தார்.

அவர்களிடம் இருந்தது தாழ்வான பழைய கார். அதிலிருந்து அவரை வெளியே எடுப்பதற்கு, கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல அக்கா இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். கம்பெனி வாசலில், ஆஸ்பத்திரி வாசலில், கல்யாண வீட்டு வாசலில், எங்கும்.

“இது போதும்” என்றார் அத்தான்.

“அத்தான், நான் இவ்வளவு நேரம் சொன்னது...”

“எல்லாம் கேட்டேன். குலுக்கல் இந்தத் தெருவில மட்டும்தான். பல்லைக் கடிச்சுக்கறேன். ஏறி இறங்கறது போற இடமெல்லாம் இருக்குடா. ஒவ்வொரு தடவையும் உங்கக்கா என்னை இழுக்கறா, ஊரே வேடிக்கை பாக்குது. இனிமே நானா இறங்குவேன்.”

அக்கா மூக்கை உறிஞ்சியபடி ஸ்டீயரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

திரும்பி வரும் வழியில் தான் பாடாத குறை என்றார் ரவுண்டு. குறையெல்லாம் தெரிந்தே அவர்கள் வாங்குகிறார்கள். அத்தானுக்குத் துரோகம் செய்யவில்லை. சாலையும் கிடைக்கிறது. லாக் ஆன இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்த மாதிரி இருந்தது.

மேடம் வாசலிலேயே நின்றார். “வழியை மாத்திப் போயிருக்கீங்க. ஏன்?”

ரவுண்டு வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். தம்பிக்குத் திட்டு விழப்போகிறது என்று பதறிவிட்டார்.

“அவனை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. இவன் மட்டும் இல்லைன்னா நாங்க வாங்கியே இருக்க மாட்டோம். வேற கடையில எல்லாம் தேன் ஒழுகப் பேசினாங்க, நம்பிக்கையே வரலை. இவன் என்ன பண்ணினான் தெரியுமா? ஒவ்வொரு குறையா காட்டினான். பள்ளத்துல இறக்கினான், மேட்டுல ஏத்தினான். குறையை மறைக்காதவன் நல்லதைப் பொய்யா சொல்லுவானா? இந்த மாதிரி ஆளை நீங்க விட்டுடாதீங்க. கையிலயே வச்சுக்குங்க.”

அக்கா சொன்ன கடைசி இரண்டு வாக்கியங்கள் என் காதிலும் விழுந்தன. மேடத்தின் முகத்தில் இருந்த கோபம் மெல்ல வடிந்து, அந்த இடத்தில் ஒரு யோசனை வந்து உட்கார்ந்ததையும் பார்த்தேன்.

மறுநாள் காலை ரவுண்டு வழக்கத்துக்கு முன்பே வந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. மேடம் எங்கள் எல்லோர் முன்னாலும் அவரை உட்காரச் சொல்லி, தன் கையாலேயே டீ எடுத்துக் கொடுத்தார்.

“ஃபேக்டரிக்கு லைசென்ஸ் இருக்கற யாரை வேணும்னாலும் அனுப்பலாம். உங்களை அனுப்பிட்டு இந்த வேலைக்கு நான் ஆளை எங்க தேடுவேன்? இனிமே எல்லா டெஸ்ட் டிரைவும் நீங்கதான். நேத்து போனீங்களே, அதே வழி. பாலம், அந்தத் தெரு, எல்லாம்.”

“மேடம், ஆர்டர் தரேன்னு...”

“உங்க அக்காவே சொன்னாங்களே, விட்டுடாதீங்கன்னு” என்று சிரித்தார் மேடம். பாராட்டாகத்தான் சொன்னார். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

ஃபேக்டரிக்கு டெலிவரிப் பிரிவிலிருந்து இன்னொருவர் போனார். ரவுண்டின் சுற்று நீளமானது, அவ்வளவுதான் மாற்றம். இப்போது அதில் பள்ளம் உண்டு, மேடு உண்டு. கண்ணாடி இறங்கியே இருக்கும். எந்த இடத்தில் எந்தக் குறையைச் சொல்ல வேண்டும் என்பதும் ஒரு மாதத்தில் முடிவாகிவிட்டது. பாலத்தில் ஒன்று, தெருவில் ஒன்று, ரிவர்ஸில் ஒன்று. அக்கா வீட்டிலிருக்கும் நாட்களில் வாசலுக்கு வந்து கையசைப்பார். சில சமயம் ஜன்னல் வழியே குனிந்து, “என் தம்பி பொய் சொல்ல மாட்டான், தைரியமா வாங்குங்க” என்பார். வெள்ளை வண்டி அவர் வீட்டெதிரே நிற்கும். அத்தான் தானாக ஏறி இறங்குகிறார். ஃபேக்டரி வேலையைப் பற்றி ரவுண்டு அவர்களிடம் சொல்லவே இல்லை. “சொன்னா அவ அழுவா. அப்புறம் அந்த வண்டியில அத்தான் எப்படி நிம்மதியா உட்காருவார்?” என்றார்.

புது டிரைவர் ஓட்டிவந்த முதல் வண்டி ஒரு மதியம் யார்டுக்குள் நுழைந்தது. சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ள நான் போனபோது ரவுண்டு அதன் முன்னால் குனிந்து நின்றிருந்தார். பம்பர் முழுக்கச் செம்மண். கண்ணாடியில் நசுங்கி ஒட்டிய பூச்சிகள். அவற்றில் பச்சையாகப் பளபளத்த ஒன்றை நகத்தால் சுரண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“இது நம்ம பக்கம் இல்லை சார். மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும்” என்றார்.

வெளியே டெமோ வண்டியில் ஒரு கணவனும் மனைவியும் பெல்ட் போட்டுக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தார்கள்.