பின்பக்கத் தகரத்துக்கு ஒரு நிறம்

முப்பது வருஷமாகத் தைக்கிறேன். புடவைக்கு மேட்சிங் பார்ப்பதில் பாகூர் வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நானே சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை. கடைக்காரர் டியூப்லைட்டுக்கு அடியில் துணியை விரித்து "அச்சு அசல் அதே கலரும்மா" என்று சத்தியம் செய்தாலும், நான் புடவையையும் துணியையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவேன். மாம்பழ மஞ்சள் என்று கொடுத்தது வெயிலுக்கு வந்ததும் சாம்பார் மஞ்சளாக இருக்கும். திரும்பப் போய் அவர் மேசைமேல் வைத்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பேன். அதற்கே பாதிக் கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது.

அதனால் ஷெட்டுக்கு நிறம் தேர்ந்தெடுப்பது எனக்கு ஒரு வேலையாகவே தோன்றவில்லை. வீட்டுக் கூடத்தில் மூன்று மிஷின் போட்டு உள்பாவாடை தைக்க ஆரம்பித்தது, நைட்டி, பள்ளிக்கூடச் சீருடை என்று வளர்ந்து எட்டுப் பேர் ஆகிவிட்டோம். படுக்க இடமில்லாமல் என் கணவர் துணி மூட்டைகளுக்கு நடுவில் சுருண்டு கிடந்தார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொல்லையில் இரும்புத் தூண் நட்டுத் தகர ஷெட் போடுவது என்று முடிவானது.

ஷெட் போடும் காண்ட்ராக்டர் வில்லியனூரிலிருந்து வந்தார். சத்தம் போட்டுப் பேசாத மனிதர். கலர் கார்டு ஒன்றும், ஒரு முழ நீளத்தில் நான்கு தகரத் துண்டுகளும் கொண்டுவந்தார். அடர் நீலம், செங்கல் சிவப்பு, பச்சை, அப்புறம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு வெளுத்த நிறம். நான்கையும் வெயிலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன்.

அதற்குள் விஷயம் டீக்கடை வரைக்கும் போய்விட்டது. எங்கள் ஊரில் நிறம் என்று தனியாக ஒன்றும் கிடையாது, எல்லாமே ஏதாவது ஒரு கொடி. இந்த நிறம் போட்டால் அந்தக் கட்சி, அந்த நிறம் போட்டால் இந்தச் சாதி என்று டீக்கடையில் கணக்குப் போட்டுச் சொல்லி அனுப்பினார்கள். "எந்தக் கட்சிக்காரன் வந்தாலும் பாவாடைக்கு நாடா நான்தான் போடணும்னு சொல்லுங்க" என்றேன் என் கணவரிடம். அவர் அதைச் சொல்லியிருக்கமாட்டார். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

பத்து நிமிஷத்தில் நீலத்தை எடுத்துக் காண்ட்ராக்டர் கையில் கொடுத்தேன். அழுக்குத் தெரியாது, பார்க்கவும் கம்பீரமாக இருக்கும்.

"நாலு பக்கமும் இதேவா அக்கா?"

"பின்ன? ஜாக்கெட்டுல முதுகுக்கு ஒரு துணி, கைக்கு ஒரு துணியாவா வெட்டுவாங்க?"

அவர் சிரித்தார். ஆனால் துண்டைப் பையில் வைக்கவில்லை. "பின்பக்கம் மட்டும் ஒரு வாட்டி யோசிச்சிக்குங்கக்கா. அந்த வூட்டு அடுப்படிக் கதவுக்கு நேரா எட்டடியில செவுரு வருது. அடர்த்தியா போட்டா அவங்களுக்கு இருட்டடிச்சிடும். அந்தப் பக்கம் போயி நின்னு பாத்துட்டு சொல்லுங்க."

அந்தப் பக்கம் போய் நிற்க முடியாத காரணத்தை அவரிடம் எப்படிச் சொல்வது?

அந்த வீடு என் கணவருடைய அண்ணன் வீடு. ஒரே வீடாக இருந்ததை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியது. அண்ணன் மனைவி எனக்கு மூத்த ஓரகத்தி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. என் இரண்டு பெண்களும் அந்த வீட்டில்தான் வளர்ந்தார்கள் என்று சொல்ல வேண்டும். நான் தையல் கற்றுக்கொள்ளப் போன நாட்களில் அவர்களுக்குத் தலை வாரி, மீனில் முள் எடுத்துச் சோறு ஊட்டியது அக்காதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பாகம் பிரித்தபோது கொல்லையை அளந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் கயிறு பிடித்துக்கொண்டு நின்றார்கள். சரிபாதியாகப் பிரித்தால் என்றைக்காவது ஒரு ஷெட் போட எனக்கு இடம் பற்றாது. அக்காவுடைய அடுப்படிக்குப் பின்னால் இருந்த இடமும் எனக்கு வேண்டும். வாய்க்கு வந்ததைப் பேசும் ஆள் நான். அன்றைக்கும் பேசினேன். "புள்ள இல்லாத வூட்டுக்கு பின்னாடி எதுக்கு அவ்ளோ எடம்?" என்று கேட்டேன். எல்லோர் எதிரிலும் கேட்டேன்.

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த இடத்தையும் என் பக்கத்தில் சேர்த்து அளந்தார்கள். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு இடம் கிடைத்தது. அன்று மாலையே வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வெட்கப்பட்ட கையோடு போய் மன்னிப்புக் கேட்கும் குணம் எனக்குக் கிடையாது. இன்றைக்கு நாளைக்கு என்று ஆறு வருஷம் ஓடிவிட்டது. அண்ணனும் தம்பியும் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள், வீட்டுக்கு வந்தால் இரண்டு பேரும் ஊமை. அக்காவும் நானும் அதுகூட இல்லை.

"நீங்க போயி கேட்டுட்டு வாங்களேன், உங்க அண்ணிதான?" என்றேன் கணவரிடம்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நான் போனா கலரு கேக்கப் போன மாதிரி ஆவும்" என்றார். "நீ போனாதான் போன மாதிரி."

அவர் தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு மிஷினுக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் இழுத்தடித்தேன். தூண்கள் நின்றுவிட்டன, மேலே இரும்புச் சட்டமும் ஏறிவிட்டது. தகரம் அடிக்க ஆள் வரப்போகிறது என்றதும், காண்ட்ராக்டர் விட்டுப்போன நான்கு துண்டுகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி, சந்து வழியாக அந்தக் கொல்லைக்குப் போனேன்.

அக்கா பின்வாசலில் மணை போட்டு உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். நல்லவாட்டிலிருந்து கூடைக்காரம்மா கொண்டுவரும் மீன். பக்கத்தில் இரண்டு பூனைகள். நிமிர்ந்து பார்த்தார். முன்பக்கத் தலைமுடி மொத்தமும் வெளுத்திருந்தது. ஒரு சுவர்தான் நடுவில், எனக்கு அது தெரியாமல் போயிருக்கிறது.

"இன்னா?" என்றார். ஆறு வருஷம் கழித்து முதல் வார்த்தை.

"ஷெட்டுக்கு இந்தப் பக்கம் இன்னா கலரு போடலாம்னு கேட்டுட்டு போலாம்னு வந்தன்."

"உன் ஷெட்டு. எனுக்கு இன்னா?"

"உள்ள குந்தி தைக்கப் போறது நாங்க. இத பாத்துக்கினு இருக்கப்போறது நீங்கதானக்கா."

ஒரு நெத்திலித் தலையைக் கிள்ளிப் பூனைக்குப் போட்டார். இன்னொன்றையும் போட்டார். அப்புறம், "புடி பாக்கலாம்" என்றார்.

தூணுக்குப் பக்கத்தில் போய் நீலத்தைத் தூக்கிப் பிடித்தேன்.

"இன்னும் மேல."

தூக்கினேன்.

"நவுந்து நில்லு. உன் மண்டதான் தெரியுது."

நகர்ந்து நின்றேன். நிறம் பார்ப்பதில் என்னைக் கைகட்டி நிற்க வைத்த முதல் ஆள் அக்காதான். நீலத்தைப் பார்த்து, "பகல்லயே லைட்டு போடணும்" என்றார். சிவப்பைப் பார்த்து, "செங்கல் சூளையில குந்தியிருக்கற மாதிரி இருக்கும்" என்றார். இரண்டுமே சரி. உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் சொன்னது எனக்கு வெயிலில் நின்று பார்த்தும் தெரியாமல் போனது.

பச்சையை எடுத்தேன். இதைத்தான் சொல்வார் என்று எனக்கு நிச்சயமாக இருந்தது. "இது நல்லா இருக்கும்க்கா. வயலு மாதிரி இருக்கும்."

"வயலு மாதிரி இருக்கறது எதுக்குடி? இங்க வயலுதான் இருந்துச்சி."

திரும்பிப் பார்த்தேன். தூண்களுக்கு நடுவே, தகரம் அடிக்காத இடைவெளியில், நடவு முடிந்து பத்து நாளான பயிர் தெரிந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா இந்த மணையில் உட்கார்ந்து மீன் கிள்ளியதும், அரிசி புடைத்ததும், என் பெண்களுக்குச் சோறு ஊட்டியதும் அதைப் பார்த்துக்கொண்டுதான். நாளை மறுநாள் அது இருக்காது. கை வலித்தது. துண்டைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கி நான் பேசனது தப்புக்கா."

"எது?"

"அதான். கொல்லைய அளந்த அன்னிக்கி."

"எதுன்னு சொல்லு."

வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதையும் துடைக்கவில்லை, கையெல்லாம் தகரத் தூசி.

"உன்னால ஒரு வாட்டி திரும்ப சொல்ல முடியலல்ல?" என்றார் அக்கா. கோபமே இல்லை. மீன் விலை சொல்வது மாதிரிச் சொன்னார். "நான் தெனிக்கும் கேட்டுக்கினு இருக்கறன்."

பிறகு மீன் கையாலேயே கீழே கிடந்த வெளுத்த துண்டைக் காட்டினார். "அத போடு."

"அதுவா? அது அழுக்கு புடிக்கும்க்கா. ஒரு மழ அடிச்சா சேறு மொத்தமும் தெரியும்."

"தெரியட்டும். வந்து தொடச்சி உடு."

"நானா?"

"உன் செவுருதான?" என்று சொல்லிவிட்டு நெத்திலிக்குத் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வரும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. வேண்டுமென்றே செய்கிறார், என்னை வேலைக்காரி ஆக்கப் பார்க்கிறார் என்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர், "வந்து தொடைக்கச் சொன்னாங்களா? அண்ணியா?" என்று இரண்டு தடவை கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். அந்த நேரத்தில் அவர் டீ குடிப்பதே இல்லை.

மூன்று பக்கம் நீலம், பின்பக்கம் அரிசி கழுவிய தண்ணீர் நிறம். தகரம் அடித்து முடித்த அன்று காண்ட்ராக்டர் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அவங்க அடுப்படிக்கு வெளிச்சம் நல்லா அடிக்குதுக்கா" என்றார். பூஜை போட்டோம். என் கணவரின் அண்ணன் வந்தார், அக்கா வரவில்லை.

முதல் மழைக்குச் சேறு முழங்கால் உயரம் தெளித்திருந்தது. வாளியும் பழைய பாவாடைத் துணியும் எடுத்துக்கொண்டு போனேன். அக்கா மணையில் உட்கார்ந்து, "அங்க உட்டுட்ட", "மூலைய பாரு" என்று சொன்னதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. ஒவ்வொரு மழைக்கும் இப்படியே போனது. முன்பக்க நீலத்தை நான் இதுவரை ஒரு முறைகூடத் துடைத்ததில்லை.

அடுத்த வருஷம் தீபாவளி நேரம். தலைக்கு மேல் வேலை. முந்தின நாள் நல்ல மழை. என்னிடம் தைக்கும் பெண்களில் ஒருத்தியை, சுத்துக்கேணியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், வாளியைக் கொடுத்து அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தாள். வாளித் தண்ணீர் அப்படியே இருந்தது.

"தொடவே உடலக்கா. 'உன்ன யாரு கூப்புட்டது, அவள வரச்சொல்லு'ன்றாங்க."

மிஷின்கள் ஒரு கணம் நின்றன. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஏதாவது கத்துவேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த நிறத்தை ஏன் கேட்டார் என்பது ஒரு வருஷமாகத் துடைத்தும் அதுவரை எனக்குப் புரியாமல் இருந்திருக்கிறது. ஊசி துணியில் குத்தியபடி இருக்க, எழுந்து வாளியை வாங்கிக்கொண்டு போனேன்.

அக்கா மணையில்தான் இருந்தார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக் குந்தித் துடைக்க ஆரம்பித்தேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் மிஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின. பாதிச் சுவர் துடைத்திருப்பேன்.

"புள்ள இல்லாத வூட்டுக்கு எதுக்கு அவ்ளோ எடம்னு கேட்டன்" என்றேன், தகரத்தைப் பார்த்து. "என் புள்ளைங்கள வளத்த வூட்ட பாத்து கேட்டன். கேட்டிருக்கக் கூடாதுக்கா."

நான் திரும்பவில்லை. துணியைப் பிழிந்தேன், மீதிச் சுவரையும் மேலிருந்து கீழாகத் துடைத்தேன், மூலையையும் விடவில்லை. எழுந்தபோது முட்டி வலித்தது.

அக்கா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மோடம் போடுது" என்றார். "ராத்திரி பேஞ்சா திரும்ப அழுக்காயிடும். நாளைக்கி வா."

அன்று இரவு மழை பெய்யவில்லை. மறுநாள் காலையில் சுவர் சுத்தமாகத்தான் இருந்தது. நான் வாளியை எடுத்துக்கொண்டு போனேன்.